செயலாளரின் ஆண்டறிக்கை 2024: குப்பர்டினோவின் 4,588 வீடுகளும் நம் சங்கமும்

தலைவருக்கும் செயற்குழு நண்பர்களுக்கும் உறுப்பினர் குடும்பங்கள் அனைவருக்கும் வணக்கம்.

பொங்கல் விழா ஜனவரியில் வழக்கம்போல் நடந்தது. சித்திரைத் திருநாளுக்குப் பட்டிமன்றம், கோடையில் பிக்னிக், நவம்பரில் தீபாவளிச் சந்திப்பு, எல்லாம் குறையில்லாமல் முடிந்தன. தமிழ் வகுப்பு தொடர்கிறது.

இனி நகரத்தின் வீட்டுவசதித் திட்டம். சங்கம் இதில் இறங்கிப் பேசியதைச் 'செயலாளரின் சொந்த வேலை' என்று வாட்ஸப் குழுவில் சிலர் எழுதியிருந்தீர்கள். அதனால் விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

கலிஃபோர்னியாவில் பெரும்பாலான நகரங்கள் எட்டு ஆண்டுக்கு ஒருமுறை, தம் எல்லைக்குள் எங்கெங்கே எத்தனை வீடு கட்ட இடம் கொடுக்கும் என்று திட்டம் போட்டு மாநிலத்திடம் ஒப்புதல் வாங்கியாக வேண்டும். 2023 முதல் 2031 வரைக்கும் குப்பர்டினோவுக்கு வந்த எண்ணிக்கை 4,588. போன சுற்றில் 1,064தான். இந்த 4,588-ல் மிகக் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 1,193, குறைந்த வருமானத்துக்கு 687, நடுத்தரத்துக்கு 755 என்று பாதிக்கும் மேல் போய்விடுகிறது. இதெல்லாம் யாருக்கோ என்று நினைக்காதீர்கள். நம் சாண்டா கிளாரா கவுண்டியில் (மாவட்டம் மாதிரி) நான்கு பேர் கொண்ட குடும்பத்தின் நடுநிலை வருமானம் 2024 கணக்குப்படி 1,84,300 டாலர், அதில் பாதிகூட வராதவர்கள் மிகக் குறைந்த வருமானப் பட்டியலில் வருவார்கள். நம் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் டேகேர் அக்கா, பரதநாட்டிய டீச்சர், விழாவுக்குச் சமைத்துக் கொடுக்கிற அண்ணன், இவர்களில் எத்தனை பேர் இந்த ஊருக்குள் குடியிருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

திட்டத்தை முடிக்க வேண்டிய கெடு 2023 ஜனவரி 31. நம் நகரம் அதைத் தவறவிட்டது. கெடு தவறினால் என்ன ஆகும் என்பது பலருக்குத் தெரியாது. அப்போதைய விதிப்படி, ஒப்புதல் பெற்ற திட்டம் இல்லாத ஊரில், 20 சதவீத வீடுகளைக் குறைந்த வருமானக்காரர்களுக்கு ஒதுக்குகிறேன் என்று ஒரு பில்டர் வந்தால், உயரம், அடர்த்தி என்று உள்ளூர் விதியைக் காட்டி அவரை மறுப்பது நகரத்துக்குக் கடினமாக இருந்தது. இதை 'பில்டர்ஸ் ரெமடி', அதாவது பில்டருக்குக் கிடைக்கும் பரிகாரம், என்கிறார்கள். அந்த வழியில் இங்கேயும் விண்ணப்பங்கள் வந்தன, வழக்கும் வந்தது. ஆக, எதுவுமே வேண்டாம் என்று எதிர்த்துக்கொண்டிருந்ததில் ஊருக்கு இருந்த பிடிதான் தளர்ந்தது. கடைசியில் 2024 மே மாதம் நகரசபை திட்டத்தை ஏற்றது, செப்டம்பரில் மாநிலம் ஒப்புதல் கொடுத்தது.

இதில் சங்கம் செய்தது இதுதான். பல நூறு பக்கத் திட்டத்தை நான்கு பக்கத் தமிழில் சுருக்கி, வரைபடத்தோடு அச்சிட்டு, தமிழ் வகுப்பு வாசலிலும் பிக்னிக்கிலும் கொடுத்தோம். நகரசபை கூடும் செவ்வாய்க்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டுப் பேசலாம், பெரும்பாலும் மூன்று நிமிடம் கிடைக்கும். நம் உறுப்பினர் ஒருவரின் அப்பா, எழுபதைத் தாண்டியவர், தமிழிலேயே பேசினார். இரண்டு பெட்ரூம் அபார்ட்மென்ட்டில் ஆறு பேர் இருக்கிறோம், நான் ஹால் சோஃபாவில்தான் படுக்கிறேன், வாடகை ஏறினால் மகன் தூரத்து ஊரான டிரேசி பக்கம் போக வேண்டியதுதான், அப்புறம் பேத்தியின் ஸ்கூல் என்னாவது என்று கேட்டார். பதினொன்றாம் வகுப்பு படிக்கும் நம் பெண் ஒருத்தி வரிக்கு வரி ஆங்கிலத்தில் சொன்னாள். மணி அடித்தபின்னும் அவரை நிறுத்தாமல் முடிக்க விட்டார்கள்.

அன்று நம் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பட்டிமன்றத்துக்கு நாற்காலி போதாமல் நின்றவர்கள் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை வர முடியாதா? வராததோடு, புது வீடுகளை எதிர்க்கும் மனுவில் நம்மவர்கள் பலர் கையெழுத்துப் போட்டிருந்ததைப் பார்த்து மனம் வருந்தினேன். தொண்ணூறுகளில் வீடு வாங்கியவர்கள் அதே ஊரில் இன்று வந்திறங்கும் பிள்ளைகளுக்குக் கதவை மூடுவது நியாயமில்லை.

புது வீடுகள் வந்தால் பள்ளிகள் நிரம்பி வழியும் என்றீர்கள். மாணவர் எண்ணிக்கை குறைந்ததால்தான் 2022-ல் ரெக்னார்ட், மேயர்ஹோல்ஸ் என இரண்டு தொடக்கப் பள்ளிகளை மூடினார்கள். இது லாப நோக்கமற்ற சங்கம், அரசியல் கூடாது என்றீர்கள். தேர்தல் வேட்பாளரை ஆதரிப்பதும் எதிர்ப்பதும் தடை, அதை நாம் செய்யவில்லை. கட்டடமே எழாத திட்டத்துக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்டதில் மட்டும் ஒரு நியாயம் இருக்கிறது. நம் ஊரின் பழைய வால்கோ மால் இடத்தில் 2018-லேயே 2,402 வீடுகளுக்கு, அதில் பாதி கட்டுப்படியாகும் விலையில், அனுமதி கிடைத்தது. 2024 முடிவு வரை அங்கே ஒரு வீடும் எழவில்லை. நகரம் இடம் ஒதுக்கும், கட்டுவதில்லை. அதனால்தான் ஒப்புதலுக்குப் பிறகும் விடாமல் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறேன்.

வரவு செலவை ஆடிட் முடிந்ததும் பொருளாளர் சுற்றுக்கு விடுவார். சந்தா, விழா டிக்கெட் வழியாக வந்தது ஹால் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் பெரும்பாலும் சரியாகப் போயிற்று. கையிருப்பு போன ஆண்டைவிடக் குறைவு. அச்சுச் செலவுதான் காரணம் என்று சொல்வது சரியில்லை, அது சிறிய தொகை. பாதிக் குடும்பங்கள் இந்த ஆண்டுச் சந்தாவைக் கட்டவில்லை, சிலர் போன ஆண்டினதையும் கட்டவில்லை, ஆனால் விழாவில் உறுப்பினர் விலைக்குத்தான் டிக்கெட் வாங்குகிறார்கள்.

ஹாலைப் பிடித்துக் கொடுத்தவர்களுக்கும் சமையல் குழுவுக்கும் தமிழ் வகுப்பு ஆசிரியர்களுக்கும் சுருக்கத்தைச் சரிபார்த்த இருவருக்கும் சங்கத்தின் நன்றி.

அடுத்து மேரி அவென்யூ. நகரத்துக்குச் சொந்தமான அந்த நீள நிலத்தில் சுமார் 40 வீடுகள் கட்டும் யோசனை இருக்கிறது, அதில் பாதியளவு வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கு. பார்க்கிங் போய்விடும், தெரு குறுகும் என்று எதிர்ப்பு வரும். நம் சங்கத்திலேயே அப்படிப்பட்ட பிள்ளைகளை இருபது வயதுக்கு மேல் வளர்த்துக்கொண்டு, நமக்குப் பிறகு இவன் எங்கே இருப்பான் என்று தூங்காமல் கிடக்கும் பெற்றோர் இருக்கிறார்கள். அவர்களைத் தனியாகப் பேச விடக் கூடாது. செயலாளர் பொறுப்பில் தொடரச் சொன்னால் தொடர்கிறேன், வேறு யாராவது முன்வந்தாலும் கூட நிற்பேன். ஆனால் ஆளே வராத சங்கத்தின் பெயரில் நகரசபையில் பேச இனி எனக்கு மனமில்லை. சந்தா பாக்கியை ஜனவரி முடிவதற்குள் பொருளாளரிடம் கொடுங்கள். மேரி அவென்யூ கூட்டத்துக்கு வீட்டுக்கு ஒருவராவது வருவதாக இருந்தால் பொங்கல் விழாவிலேயே என்னிடம் பெயர் கொடுத்துவிடுங்கள், காரில் அழைத்துப் போக ஏற்பாடு செய்கிறேன்.

செயலாளர்