கடல் எத்தனை அடி ஏறும் என்றும் போடுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். புளோரிடாவை நெருங்கும் சூறாவளிகளைப் பற்றி உங்கள் இதழ் தவறாமல் செய்தி தருகிறது. ஆனால் எப்போதும் காற்றின் வேகம்தான் தலைப்பு. கடல்நீர் எத்தனை அடி ஏறும் என்பது கடைசிப் பத்தியில்கூட இருப்பதில்லை. என் அக்கா குடும்பம் புளோரிடாவின் லீ கவுண்டியில் (கவுண்டி என்றால் நம்மூர் மாவட்டம் மாதிரி) இருப்பதால் இது எனக்கு உறுத்துகிறது.

2004 ஆகஸ்டில் சார்லி சூறாவளி அந்தக் கவுண்டியின் காயோ கோஸ்டா தீவில் கரையேறியது. 2022 செப்டம்பர் 28 அன்று இயன் வந்ததும் அதே தீவுக்குத்தான். இரண்டும் நான்காம் வகை, காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர். சார்லி உருவத்தில் சின்னது, வேகமாகக் கடந்துபோனது. கடல் ஆறேழு அடி ஏறியது. இயனோ அகன்று விரிந்த புயல், மெதுவாக நகர்ந்தது. அந்தப் பக்கத்துக் கடலும் வெகுதூரம் வரை ஆழமில்லாதது. காற்று தள்ளிக்கொண்டு வரும் தண்ணீர் கரைமேல் ஏறாமல் வேறெங்கே போகும்? ஃபோர்ட் மையர்ஸ் பீச்சில் 10 முதல் 15 அடி வரை ஏறிவிட்டது. லீ கவுண்டியில் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்டோர் அந்தக் கடல்நீருக்குப் பலியானார்கள். முதியவர்கள் பலர்.

நாம் பெரிதாகப் போடும் அந்த 'வகை' எண் காற்றின் வேகத்தை மட்டுமே அளப்பது. தண்ணீரைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. "சார்லியையே பார்த்துவிட்டோம், இதுவும் நாலுதானே" என்று அக்கா இருந்துவிடப் பார்த்தாள். போதாக்குறைக்கு, முதலில் வந்த கூம்பு வரைபடங்கள் வடக்கே டாம்பா நகரப் பக்கம் காட்டின. புயலின் மையம் எங்கெங்கே போகக்கூடும் என்பதற்குத்தான் அந்தக் கூம்பு. கூம்புக்கு வெளியே இருந்தால் ஆபத்தில்லை என்று அர்த்தமில்லை. வடக்கே சில கவுண்டிகள் 26ஆம் தேதியே வெளியேறச் சொல்லிவிட்டன. லீ கவுண்டியின் உத்தரவு வந்தது 27ஆம் தேதி காலையில்தான். அன்று மதியம் அக்கா மகன் வந்து, கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டுதான் போனான்.

அப்புறம் திரும்பிப்போய் வீட்டைத் திறக்கப் பார்த்தால் கதவு திறக்கவில்லை. சமையலறையிலிருந்த ஃபிரிட்ஜ் மிதந்துவந்து வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தது. சுவரில் பழுப்பாக ஒரு நீர்க்கோடு. அக்கா அதன் பக்கத்தில் நின்று எடுத்த படம் என்னிடம் இருக்கிறது. கோடு அவள் தலைக்கு மேலே ஒரு சாண். உள்ளே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே நடுங்குகிறது.

அங்கே வெளியேற்ற மண்டலத்துக்குள் வரும் ஒவ்வொரு முகவரிக்கும் அந்த மண்டலத்தைக் குறிக்கும் ஓர் எழுத்து உண்டு. முதலில் கிளம்ப வேண்டியது 'ஏ'. தேசியச் சூறாவளி மையமும் எந்தக் கரையில் எத்தனை அடி ஏறும் என்று முன்கூட்டியே சொல்கிறது. உங்கள் செய்தியில் காற்றின் வேகத்துக்குப் பக்கத்திலேயே அதையும் போடுங்கள். 'புயல் அலை எழுச்சி' என்று எழுதினால் எத்தனை பேருக்குப் புரியும்? 'கடல்நீர் ஊருக்குள் பத்தடி வரை ஏறும்' என்றே எழுதுங்கள். சூறாவளி நேரத்தில் அங்கே உள்ளவர்களுக்கு இங்கிருந்து போன் செய்கிறவர்கள் உங்கள் செய்தியைப் படித்துவிட்டுத்தான் பேசுகிறார்கள். "காற்று எப்படி இருக்கு?" என்று கேட்கிறவர்கள், "உங்க மண்டலம் எது? இன்னும் கிளம்பலையா?" என்றும் கேட்பார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி