இந்தக் கோடையில் நிக்கோடெமஸுக்கு ஒரு நடை போய் வாருங்கள்

கான்சஸிலும் பக்கத்து மாநிலங்களிலும் குடியிருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு,

வணக்கம். போன வருடம் என் மகள் பள்ளிக்காக இந்த மாநிலத்தில் முதலில் குடியேறியவர்களை வரைந்தாள். மூடுவண்டி, இரண்டு மாடு, ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் படத்தில், இதே கான்சஸில் நிக்கோடெமஸ் என்ற ஊரை உருவாக்கிய கறுப்பின மக்கள் இல்லையே என்று மனசு கேட்கவில்லை.

லீவு விட்டால் கொலராடோ மலைகளைப் பார்க்க ஐ-70 சாலையில் விரைகிறோம். வழியில் எல்லிஸ் என்று ஒரு சிற்றூர் வரும். 1877-இல் கென்டக்கியிலிருந்து கிளம்பிய 300-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் ரயிலை விட்டு இறங்கியது அங்கேதான். அடிமைத்தளை அறுந்து 12 ஆண்டுகளே ஆகியிருந்தன. சொந்த நிலம் என்ற ஒரே ஆசையில், சாலமன் ஆற்றங்கரையை நோக்கி இன்னும் 35 மைல் போனார்கள். அங்கே அவர்கள் அமைத்த ஊர்தான் நிக்கோடெமஸ்.

அடுத்த வசந்தத்தில் வந்தவர் வில்லியானா ஹிக்மன். எல்லிஸிலேயே தட்டம்மை கண்டு கூட வந்த குழந்தைகளில் சிலர் இறந்துபோனார்கள். அவர்களைப் புதைத்துவிட்டுத்தான் பயணம் தொடர்ந்தது. "ஊர் எங்கே?" என்று கேட்டவருக்குக் கணவர் காட்டியது, தரையிலிருந்து எழுந்த புகையை. மரமில்லாத அந்தப் புல்வெளியில் மக்கள் மண்ணைக் குடைந்து உள்ளே குடியிருந்தார்கள். பார்த்ததும் அவர் அழுதுவிட்டார்.

முதல் குளிர்காலத்தில் வேட்டை முடித்துத் திரும்பிய ஓசேஜ் பழங்குடியினர் உணவைப் பகிர்ந்து காப்பாற்றினார்கள். அப்புறம் பள்ளி, தேவாலயங்கள், விடுதி, செய்தித்தாள் என்று ஊர் எழுந்து நின்றது. 1888-இல் ரயில்பாதை ஆற்றுக்கு அந்தப் பக்கமாகப் போய்விட்டது. வியாபாரிகள் கடையைப் பெயர்த்துக்கொண்டு போக, ஊர் மெல்ல மெலிந்தது.

இன்று அங்கே சில குடும்பங்களே இருக்கின்றன. 1996 முதல் அது தேசிய வரலாற்றுத் தலம். ஆண்டுதோறும் ஜூலை கடைசியில் வாரிசுகள் எங்கெங்கிருந்தோ ஊர் திரும்புகிறார்கள், நம்மவர்கள் கோயில் கொடைக்கு வந்து சேர்வதைப் போல.

அந்தச் சமயம் பார்த்துப் பிள்ளைகளைக் கூட்டிப் போங்கள். எல்லிஸ் தாண்டியதும் காரிலேயே ஹிக்மன் கதையைச் சொல்ல ஆரம்பியுங்கள். நமக்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. அவர் வண்டியில் போக இரண்டு நாள் ஆனது. சாலையே இல்லை, மான் நடந்த தடம்தான்.

அன்புடன்,
ஒரு கான்சஸ் அம்மா