வெறும் றிலேயை நம்பி ஹீற்றரை விடாதீர்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

மிளகாய், ஒடியல் உலர்த்தும் பெட்டிகளிலும் சிறு வெதுப்பகங்களிலும் ஹீற்றருக்கு மின் கொடுத்து நிறுத்த, தொடுகைகள் அசைந்து இணையும் கொன்ராக்ரருக்குப் பதிலாக இப்போது சொலிட் ஸ்ரேற் றிலே (அசையும் பாகமில்லாத மின்னணுச் சுவிட்ச்) பூட்டுகிறார்கள். சத்தமில்லை, தொடுகை தேயாது, நல்லதுதான். ஆனால் '40 அம்பியர்' என்று மேலே எழுதியிருப்பதைப் பார்த்து அதைப் பலகையிலோ பிளாஸ்ரிக் பெட்டியிலோ அப்படியே திருகிவிடுவது ஆபத்து. அந்த 40, போதிய ஹீற் சிங்கில் (சூட்டை வெளியேற்றும் செட்டைகள் உள்ள உலோகத் துண்டில்) பொருத்தினால் மட்டுமே. வெறுமனே விட்டால் நாலைந்து அம்பியருக்கு மேல் தாங்காது.

மின் ஓடும்போது றிலேக்குள் 1 முதல் 1.6 வோல்ற் வரை வீணாகும். 3 கிலோவாற் ஹீற்றர் 230 வோல்ற்றில் 13 அம்பியர் இழுக்கும், 1.2 வோல்ற் என்று வைத்தாலும் 16 வாற் சூடு. சித்திரை வெயிலில் பெட்டிக்குள் 45 பாகை என்றால், றிலேயின் அடித்தகடு 80 பாகையைத் தாண்டாதிருக்க, வாற்றுக்கு 2 பாகைக்கு மேல் சூடேறாத ஹீற் சிங்க் வேண்டும். வெப்பப் பசையை மெல்லிதாகப் பூசுங்கள். தடித்தால் பசையே சூட்டை மறிக்கும். செட்டைகள் நிலைக்குத்தாக நிற்கட்டும், பெட்டியின் மேலும் கீழும் துவாரம் இருக்கட்டும். வயர் பூட்டும் இடத்தைச் சுற்றி மட்டும் பிளாஸ்ரிக் கருகியிருந்தால், முதலில் திருகு தளர்ந்ததா என்று பாருங்கள்.

பெரிய ஆபத்து இனித்தான். இந்த றிலே பழுதானால் பெரும்பாலும் மின்னை நிறுத்தாமல் ஓடவிட்டபடியே ஒட்டிப்போய் நிற்கும். அதன் சிறு விளக்கு உள்வரும் சமிக்ஞையை மட்டுமே காட்டும். விளக்கு அணைந்திருக்க ஹீற்றர் எரிந்துகொண்டே இருக்கும். ஆகவே றிலேக்குச் சமிக்ஞை கொடுக்கும் கொன்ரோலரோடு தொடர்பில்லாத தனி வெப்பக் கட்டுப்பாட்டுச் சுவிட்சும், சூடு மிஞ்சினால் அந்தச் சுவிட்சால் விழுந்து மின்னைத் துண்டிக்கும் கொன்ராக்ரரும் கட்டாயம் வேண்டும். பழைய கொன்ராக்ரரை எறியாமல் இதற்கே பயன்படுத்தலாம். றிலே விற்கும் கடைக்காரர்கள் ஹீற் சிங்கையும் சேர்த்தே கொடுத்தால் எவ்வளவோ நல்லது.

றிலே 'ஓஃப்' என்றாலும் சில மில்லி அம்பியர் கசியும். பிறேக்கரை விழுத்தாமல் ஹீற்றர் வயரில் கை வைக்க வேண்டாம். சோலர் பற்றரியின் டிசி (நேரோட்ட) வேலைக்கு ஏசி (ஆடலோட்ட) றிலேயைப் போடவும் கூடாது. ஏசியில் போல டிசியில் மின்னோட்டம் பூச்சியத்துக்கு வராததால், ஒருமுறை ஓடத் தொடங்கினால் அது நிறுத்தாது.

மின் வேலையாளர்கள் சிலர்,
கொக்குவில்.