தம்பிக்கு, ராத்திரி விஷயமாக

தம்பி,

நேற்று வீடியோவில் இரட்டைக் குழந்தைகளைக் காட்டினாய், அப்பாவுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பெரியவன் சிரிக்கிறான் என்று எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். காயத்ரி எங்கே என்று கேட்டதற்குத் தூங்குகிறாள் என்றாய். போன வாரமும் அதையேதான் சொன்னாய். சரி, தூங்கினால் நல்லதுதான். நீ ஸ்பீக்கரில் போட்டுப் பேசும்போது எல்லாவற்றையும் கேட்க முடிவதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். மீட்டிங் நடுவில் படிக்காதே.

கிரிப்பில், அதான் அந்தக் கம்பி அடைத்த குழந்தைக் கட்டிலில், போட்டால் அழுகிறார்கள், கையில் இருந்தால்தான் தூங்குகிறார்கள் என்றாய். அழத்தான் செய்வார்கள். நாலு மாதம் முடியப் போகிறது என்று நீ எண்ணுகிறாய், ஆனால் ஐந்து வாரம் முன்னாடியே பிறந்த பிள்ளைகளுக்குத் தூக்கத்தில் மூன்று மாதக் கணக்குதான். ராத்திரி எது பகல் எது என்று இப்போதுதான் அந்த உடம்புக்குப் பிடிபட ஆரம்பிக்கும். காலையில் திரையை நன்றாகத் திறந்து வை. ராத்திரி டயபர் மாற்றும்போது பெரிய லைட்டைப் போடாதே, பேச்சுக் கொடுக்காதே, சின்னவள் உன்னைப் பார்த்துச் சிரித்தாலும் சரி.

நீ தூளியில் வளர்ந்தவன்தான். ஆனால் நான் அங்கே உங்களோடு இருந்தபோது டாக்டர் சொன்னதைப் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கேட்டேன். மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும், கெட்டியான சமமான மெத்தை, தலையணையோ போர்வையோ பொம்மையோ எதுவும் உள்ளே கூடாது, ஆளுக்கொரு கிரிப், இரண்டும் உங்கள் அறையிலேயே, குறைந்தது ஆறு மாதம் வரைக்கும். நீ இருக்கும் அந்த நாட்டில் 1990களில் மல்லாக்கப் படுக்க வைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்திலேயே போய்விடும் குழந்தைகள் பாதியாகக் குறைந்தார்கள். குழந்தைகளை உட்கார வைக்கும் ஆடுகிற நாற்காலியில் தூங்கிவிட்டால் தூக்கிக் கிரிப்பில் போட்டுவிடு, அதில் தலை முன்னால் கவிழ்ந்து தாடை நெஞ்சில் முட்டினால் மூச்சு அடைக்கும். புரள முயற்சி செய்ய ஆரம்பித்தால் துணியில் சுற்றுவதை அன்றைக்கே நிறுத்து.

எல்லாவற்றையும்விட சோபா. போன மாதம் ஒரு நாள் நீ போனைத் திருப்பியபோது பார்த்தேன், காயத்ரி சின்னவளை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் சாய்ந்திருந்தாள், கண் சொருகிக் கொண்டு போகிறது. குழந்தைக்கு அதைவிட ஆபத்தான இடம் வீட்டில் வேறு இல்லை. இதற்காக அவளைத் திட்டிவிடாதே. உட்கார்ந்த இடத்தில் சாயும் அளவுக்கு அவளை யார் விட்டது என்று மட்டும் யோசி.

கிரிப்பில் போடுவது பழகினால் வரும். நீ செய், அவளிடம் விடாதே. பால் குடித்து ஏப்பம் விட்டதும் கண் கிறங்கி வரும் பார், முழுசாகத் தூங்குவதற்கு முன்னாலேயே இறக்கு. முதலில் கால், அப்புறம் இடுப்பு, முதுகு, கடைசியில் தலை. இறக்கியதும் கையை எடுத்துவிடாதே, நெஞ்சின்மேல் லேசாக வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நில். முனகினால் உடனே தூக்காதே, இந்த வயதில் தூக்கத்திலேயே நெளியும், உறுமும். நிஜமாக அழுதால் தூக்கிக்கொள். ஒன்று பாலுக்கு எழுந்தால் இன்னொன்றையும் எழுப்பிக் கொடுத்துவிடு, இல்லாவிட்டால் விடிய விடிய மாறி மாறி எழுந்துகொண்டே இருப்பீர்கள்.

நான் அங்கே இருந்தபோது நீ டயபர் மாற்றுவதைப் பார்த்து எனக்குப் பெருமையாக இருந்தது, உன் அப்பா ஒரு நாளும் செய்ததில்லை. ஆனால் ராத்திரி பதினொன்றுக்கு, நாளைக்கு ஆபீஸ் இருக்கிறது என்று தலையணையை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாயே, அதையும்தான் பார்த்தேன். அவளுக்கு மட்டும் நாளைக்கு என்ன லீவா?

ராத்திரியைப் பாதியாகப் பிரித்துக்கொள். இரண்டு மணி வரை நீ. அதுவரை அவள் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படுக்கட்டும், எடுத்து வைத்த பாலோ பவுடர் பாலோ நீ புட்டியில் கொடு.

இன்னொன்று. இரண்டாம் மாத ஊசிக்குப் போனபோது அம்மாவுக்கென்று ஒரு தாள் கொடுத்தார்களே, பத்துக் கேள்வி, சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் பயம் வருகிறதா, அழுகை வருகிறதா என்று. பெரியவனை மடியில் வைத்துக்கொண்டு, நீ பக்கத்தில் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அவள் மளமளவென்று டிக் போட்டாள். ஒரு கேள்வியில் மட்டும் பேனா நின்றது. உன்னை ஒரு தரம் பார்த்தாள், அப்புறம் அதற்கும் டிக் போட்டுவிட்டாள். அது எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியாது. அதிலிருந்து எனக்கு அதே நினைப்புதான். பிள்ளை பெற்ற பிறகு வரும் மனச்சோர்வு ஒரு வருஷத்துக்குள் எப்போது வேண்டுமானாலும் வரலாம், இரட்டை பெற்றவளுக்கு இன்னும் அதிகம். திமிரும் இல்லை, சோம்பலும் இல்லை, மருந்து உண்டு. நாலாம் மாத ஊசிக்குப் போகும்போது அந்தத் தாளை அவள் கையில் கொடுத்துவிட்டு, இரண்டு குழந்தையையும் தூக்கிக்கொண்டு நீ வெளியே போய் நில். அவள் என்ன எழுதினாலும் கோபப்படாதே. அந்தத் தேதி வரைக்கும் பொறுக்காது என்று தோன்றினால் அவளுடைய டாக்டரிடம் நாளைக்கே கூப்பிட்டுப் பேசு.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, சொட்டு மருந்து விடுகிறேன்.

இதற்குப் பதிலை ஃபேமிலி குரூப்பில் போடாதே, எனக்குத் தனியாக எழுது. நேற்று ராத்திரி யார் எழுந்தது என்று முதலில் எழுது. அவள் அம்மாவுக்கு விசா என்னவாயிற்று?

அம்மா