பழகிவிட்டது என்று சொன்னோமே

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். உன் வீட்டிலும் அனைவரும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். ஏழு மாதங்களாக உன் தொலைபேசி அழைப்பை நான் எடுக்கவில்லை. அதற்கு நீ என்னென்ன காரணங்களைக் கற்பித்துக்கொண்டிருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். மூன்றாம் ஷிப்டில் பாடிக்கொண்டே வேலை பார்ப்பாரே, அவரிடம் என்னைப் பற்றிப் புலம்பினாயாமே.

உன்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. கடைசியாகப் பேசியபோது, அம்மாவுக்குக் கல் எடுத்துவிட்டார்கள் என்று நீ சொன்னாய். பல் எடுத்துவிட்டார்கள் என்று என் காதில் விழுந்தது. "இந்த வயதில் பல் எடுப்பதெல்லாம் ஒரு விஷயமா, இரண்டு நாளில் சரியாகிவிடும்" என்று நான் சொன்னதும் நீ பேச்சை முடித்துக்கொண்டாய். அது அறுவை சிகிச்சை என்று பிறகு வேறொருவர் சொல்லித்தான் தெரிந்தது. அன்றிலிருந்து தொலைபேசி அடித்தாலே, அடுத்து யாருக்கு என்ன பதில் சொல்லிவைப்பேனோ என்ற பயம் வந்துவிட்டது. மன்னித்துக்கொள்.

மகள் விடாமல் வற்புறுத்தியதால் சென்ற மாதம் காது பரிசோதனைக்குப் போனேன். ஒலி புகாத சிறிய அறையில் உட்காரவைத்து, ஹெட்போனை மாட்டி, ஒலி கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். கனத்த ஒலிகள் நன்றாகவே கேட்டன. நானும் அழுத்திக்கொண்டே வந்தேன். பிறகு நெடுநேரம் எதுவும் வரவில்லை. கருவி பழுதாகிவிட்டதோ என்று கண்ணாடி வழியே பார்த்தேன். அந்தப் பெண் தலை நிமிராமல் ஒவ்வொரு விசையாக அழுத்திக்கொண்டிருந்தார். ஒலி வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது; எனக்குத்தான் எட்டவில்லை.

முடிவுத் தாளைப் பார்த்த மருத்துவர், நான் என்ன வேலை பார்த்தேன் என்று கேட்கவில்லை, "எத்தனை வருடம் இரைச்சலில் வேலை பார்த்தீர்கள்?" என்றுதான் கேட்டார். தாளில் என் கேள்திறனைக் காட்டும் கோடு 1000 ஹெர்ட்ஸ் வரை (ஹெர்ட்ஸ் கூடக்கூட ஒலியின் சுருதி உயரும்) ஏறக்குறைய நேராக வந்து, 4000 ஹெர்ட்ஸில் 60 டெசிபெல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) வரை பள்ளத்தில் விழுந்து, 8000 ஹெர்ட்ஸில் சற்று மேலே ஏறியிருந்தது. முதுமையால் மட்டும் கேள்திறன் குறைந்தால் கோடு கடைசிவரை இறங்கிக்கொண்டே போகுமாம். இடையில் பள்ளம் விழுந்து மீண்டும் ஏறுவது பெரும்பாலும் இரைச்சல் விட்டுச்சென்ற தடம். நம் பேச்சில் உயிரெழுத்துகளின் பலம், தாழ்ந்த சுருதி ஒலிகளில் இருக்கிறது. க, ச, த, ப ஆகியவற்றைப் பிரித்துக் காட்டும் நுட்பமெல்லாம் உயர்ந்த சுருதி ஒலிகளில் இருக்கிறது. அதனால்தான் எனக்குக் குரல் கேட்கிறது, சொல் பிரிவதில்லை.

இதைப் படிக்கும்போது உனக்கும் நினைவுக்கு வரும். தகடுகளை அழுத்தி வெட்டும் பிரஸ் ஷாப்பில் சேர்ந்த முதல் மாதத்தில் ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது நம் இருவருக்கும் காதில் பஞ்சை அடைத்ததுபோல் இருக்கும், இரவெல்லாம் ரீங்காரம் கேட்கும், காலையில் சரியாகிவிடும். ஓராண்டுக்குள் அந்தத் தொல்லை குறைந்ததும், சத்தம் பழகிவிட்டது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டோம். புதிதாக வந்த பையன்கள் காதைப் பொத்தியபோது சிரித்தோம். உள்காதில் ஒலியை உணரும் மயிரணுக்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000 இருக்கின்றன. மிதிபட்ட புல்லைப்போல் அவை முதலில் சாய்ந்து நிமிர்கின்றன. நாள்தோறும் மிதித்தால் மடிந்துவிடுகின்றன, மறுபடி முளைப்பதில்லை. நாம் பழக்கம் என்று நினைத்தது அந்த அணுக்களின் சாவு. வலியில்லாமல் போனதால் யாரும் கேள்வி கேட்கவில்லை. செம்புத் தட்டும் தொழிலாளர்கள் செவிடாகிப்போவதை இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1713இலேயே எழுதிவைத்திருக்கிறார் என்று அறிந்தபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. நமக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

இப்போது ஆலைப் பாதுகாப்பு உன் பொறுப்பில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன். காதடைப்பான் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துவிட்டதாகவும், இனிக் கவலையில்லை என்றும் சொன்னாய். கவலை அங்கேதான் இருக்கிறது. 30 டெசிபெல் குறைக்கும் அடைப்பானை எட்டு மணி நேரத்தில் அரை மணி நேரம் கழற்றிவைத்தாலே, அந்த நாள் முழுமைக்கும் கிடைக்கும் பாதுகாப்பு சுமார் 12 டெசிபெல்தான். பேசுவதற்கும் வியர்வையைத் துடைப்பதற்கும் நம் ஆட்கள் எத்தனை முறை கழற்றுவார்கள் என்று உனக்குத் தெரியாதா? நுரைப்பஞ்சு அடைப்பானை விரலால் மெல்லியதாக உருட்டி, மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுத்து உள்ளே செலுத்தி, அது விரியும்வரை அரை நிமிடம் பிடித்துக்கொள்ள வேண்டும். முனையைச் செருகிக்கொண்டு நடப்பவனுக்கு அது வெறும் அலங்காரம். ஒவ்வொருவருக்கும் நீயே எதிரில் நின்று செய்து காட்டு.

இரைச்சல் அளவீட்டு எண்ணைப் பார்த்தும் ஏமாந்துவிடாதே. 3 டெசிபெல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும், ஆனால் காதுக்கு அது சிறிய மாற்றமாகத்தான் தெரியும். 85 டெசிபெல்லில் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் இருக்கலாம் என்றால் 88இல் நான்கு மணி, 94இல் ஒரு மணி, 100இல் கால் மணி நேரம்தான். அமெரிக்காவின் சட்ட வரம்பு எட்டு மணி நேரத்துக்கு 90. 5 டெசிபெல் கூடினால்தான் அது நேரத்தைப் பாதியாக்குகிறது. அதே நாட்டின் தொழில்நல ஆய்வு நிறுவனமோ 85 என்ற வரம்பையும், 3 கூடினாலே நேரம் பாதி என்ற கணக்கையும்தான் பரிந்துரைக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் ஆண்டு விதி 80இலேயே நடவடிக்கையைத் தொடங்கி, 87க்கு மேல் போகவே கூடாது என்கிறது. சட்டத்துக்கு உட்பட்டிருப்பதும் காதுக்கு ஆபத்தில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் ஓட்டுகிறாய் என்றால் 85 என்ற அளவு சுமார் 83 ஆகிவிடும், மறந்துவிடாதே. ஒலி அளக்கும் கருவி கையில் இல்லாதபோது, கை நீட்டும் தூரத்தில் நிற்பவனிடம் கத்திப் பேச வேண்டியிருந்தால் 85ஐத் தாண்டிவிட்டது என்றே வைத்துக்கொள்.

முதலில் இயந்திரத்தைச் சரிசெய். தேய்ந்த பேரிங்கை மாற்று. கிடுகிடுவென்று ஆடும் காவல் தகட்டை இறுக்கு. வெட்டிய துண்டுகள் வெறும் தகட்டில் விழும் இடத்தில் ரப்பர் விரி. ஏர் கன்னுக்குச் சத்தம் குறைந்த நாசில் போடு. கம்பிரஸரைச் சுவருக்கு அப்பால் தள்ளு. இவற்றில் பாதிக்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பது உனக்கே தெரியும். இரண்டாம் பிரஸ்ஸின் தளர்ந்த தகட்டை நாம் எத்தனை ஆண்டு சகித்துக்கொண்டோம்! நான்கு போல்ட் போதுமாக இருந்தது.

பெயின்ட் பிரிவில் டொலுயீன், ஸ்டைரீன் என்ற கரைப்பான்கள் புழங்குகின்றன அல்லவா? அவையே காதைக் கெடுக்கக்கூடியவை. இரைச்சலோடு சேர்ந்தால் சேதம் இன்னும் கூடும். அங்கே சத்தம் குறைவுதானே என்று விட்டுவிடாதே.

புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் வேலை தொடங்கும் முன்பே, எனக்குச் செய்த அந்தக் காது பரிசோதனையை (ஆடியோமெட்ரி) எடுத்துவிடு. அதற்கு முன் 14 மணி நேரம் அவர்கள் இரைச்சலில் இருக்கக்கூடாது. பிறகு ஆண்டுதோறும் எடு. 2000, 3000, 4000 ஹெர்ட்ஸ் மூன்றிலும் சேர்த்து ஒருவனுக்குக் கேள்திறன் முதல் அளவிலிருந்து சராசரியாக 10 டெசிபெல் குறைந்தாலும், அவனைக் குறை சொல்லாமல், அவன் நிற்கும் இடத்தைப் போய்ப் பார். அந்தப் பட்டியலில் உன் பெயரையும் எழுது. உனக்கும் தொலைக்காட்சியின் ஒலி ஏறிக்கொண்டே போகிறது என்று உன் மனைவி என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

எனக்குச் செவிப்பொறி கொடுத்திருக்கிறார்கள். பறவைச் சத்தம் திரும்ப வந்தது. கூட்டத்தில் இன்னும் திணறுகிறேன். அம்மா இப்போது எப்படி இருக்கிறார், கல் மறுபடி வராமல் இருக்க மருத்துவர் என்ன சொன்னார் என்று விரிவாக எழுது. அடுத்த மாதம் நேரில் வருகிறேன். என் எதிரே வெளிச்சத்தில் உட்கார்ந்து பேசு, உன் உதடுகளைப் பார்த்தால் எனக்கு விட்டுப்போகும் எழுத்துகளும் கிடைத்துவிடுகின்றன.

உன்,
இரண்டாம் பிரஸ்ஸுக்காரன்