பதிவு செய்தால் அது காதல் திருமணம்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். முகூர்த்த மாதம் பிறந்துவிட்டால் கிருஷ்ணகிரியிலும் தருமபுரியிலும் மண்டபம் கிடைப்பது அரிது. தாம்பூலம் மாற்றுவது, பந்தக்கால், நலங்கு, பெண் அழைப்பு, மொய் என்று எதிலும் குறை வைக்காத குடும்பங்கள் ஒரே ஒரு வேலையை மட்டும் தள்ளிப்போடுகின்றன. அது திருமணப் பதிவு. ஏன் என்று கேட்டால், "ஓடிப்போய்க் கட்டிக்கிட்டவங்கதான் ரிஜிஸ்டர் பண்ணுவாங்க, நாம ஊரறியக் கட்டினோம், நமக்கு எதுக்கு?" என்கிறார்கள். காதலித்து மணப்பவர்களோ இதற்கு நேர் எதிரான தவறைச் செய்கிறார்கள். கையெழுத்துப் போட்டுச் சான்று வாங்கிவிட்டால் திருமணம் முடிந்தது என்று நம்புகிறார்கள். ஒரு வீட்டில் தாலி இருக்கிறது, தாள் இல்லை. இன்னொரு வீட்டில் தாள் இருக்கிறது, திருமணமே நடக்கவில்லை. பதிவு மனுக்களை எழுதித் தருகிறவர்கள் என்ற முறையில் இரண்டு தரப்புக்கும் சொல்ல வேண்டியதை உங்கள் நாளிதழ் வழியே சொல்ல விரும்புகிறோம்.

எல்லா மதத்தவரின் திருமணங்களையும் கட்டாயம் பதிவு செய்ய வழி செய்யுங்கள் என்று 2006 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. அதன்படி வந்த தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009 நவம்பர் 24 முதல் நடைமுறையில் இருக்கிறது. பெரியோர் நிச்சயித்ததா, காதலித்ததா என்று அந்தச் சட்டம் கேட்பதில்லை. கோயிலில் நடந்தாலும், எலத்தகிரி தேவாலயத்தில் நடந்தாலும், ஜமாத் தப்தரில் (பள்ளிவாசல் திருமணப் பதிவேட்டில்) எழுதப்பட்டாலும் பதிவு வேண்டும். திருமண நாளிலிருந்து 90 நாளைக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள் கிடைக்கும்.

90 நாள் என்பது கேட்க நிறையத் தெரியும். ஆனி 20-இல் திருமணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுவீடு, விருந்து என்று பத்து நாள் போகும். ஆடி பிறந்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு அழைத்துக்கொள்வார்கள். ஆவணியில் திரும்பி வந்தால் மாப்பிள்ளைக்கு ஓசூர் சிப்காட்டிலோ பெங்களூரிலோ லீவு கிடைக்காது. புரட்டாசி நடுவில் 90 நாள் முடிந்துவிடும். தலை தீபாவளிக்கு எல்லாரும் ஒன்று கூடும்போதுதான் யாராவது பதிவைப் பற்றிப் பேச்செடுப்பார்கள். ஆனித் திருமணத்தை ஆடி பிறப்பதற்குள் பதிந்துவிடுவதே நல்லது.

பதியாததால் திருமணம் செல்லாமல் போய்விடாது. ஆனால் அதை நிரூபிக்கும் பாரம் பெண்ணின் தலையில் வந்து விழும். கணவர் நெடுஞ்சாலை விபத்தில் இறந்தால் இழப்பீட்டு வழக்கிலும், அவர் வேலை பார்த்த தொழிற்சாலையின் பி.எஃப். பணத்துக்கும், "நீங்கள்தான் மனைவி என்பதற்கு என்ன ஆதாரம்?" என்பதே முதல் கேள்வி. கணவர் இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டால் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 82-ஆம் பிரிவில் புகார் கொடுக்கலாம், ஆனால் முதல் திருமணம் முறைப்படி நடந்ததைக் காட்டியாக வேண்டும். பெண்ணுக்கு இருபது பவுன் போடும் தகப்பனார் அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய காப்பு இந்தச் சான்று.

மனுவில் தவறு எங்கே வருகிறது என்று பார்த்தால், முதலாவது தேதி. நம் பக்கத்தில் வரவேற்பு முந்தைய நாள் மாலையிலும், முகூர்த்தம் மறுநாள் விடியற்காலை 4.30 மணிக்கு மேல் 6 மணிக்குள்ளும் நடக்கும். பத்திரிகையில் வரவேற்புத் தேதியைப் பெரிய எழுத்திலும் முகூர்த்தத்தைச் சிறிய எழுத்திலும் அச்சிடுகிறார்கள். மனு நிரப்புகிறவர் பெரிய எழுத்தைப் பார்த்து எழுதிவிடுகிறார். திருமண நாள் என்பது தாலி கட்டிய நாள். இடமும் அப்படித்தான். வரவேற்பு கிருஷ்ணகிரி மண்டபத்தில், முகூர்த்தம் காவேரிப்பட்டணம் பக்கம் குலதெய்வக் கோயிலில் என்றால், திருமணம் நடந்த இடம் அந்தக் கோயில். முன்பெல்லாம் திருமணம் நடந்த எல்லையில் உள்ள சார்பதிவாளர் அலுவலகத்தில்தான் பதிய முடியும். இப்போது மணமக்களில் ஒருவர் வசிக்கும் எல்லையிலும் பதியலாம். என்றாலும் மனுவில் இடத்தை உள்ளபடியே எழுத வேண்டும்.

அடுத்தது பெயர். தளி, வேப்பனப்பள்ளி, பாகலூர்ப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறார்கள். பள்ளிச் சான்றில் "எம். முனிராஜு" என்றும் ஆதாரில் "முனிராஜ்" என்றும் பான் அட்டையில் முன்னெழுத்தை விரித்து அப்பா பெயரோடும் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான், ஆனால் கணினிக்கு மூன்று பேர். திருமணச் சான்று கைக்கு வந்த பிறகு திருத்துவது பெரும்பாடு. நிச்சயம் முடிந்த வாரத்திலேயே இருவரின் சான்றுகளையும் ஒரு மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டு, ஆதாரில் திருத்த வேண்டியதைத் திருத்துங்கள். பெண்ணின் முன்னெழுத்தைத் திருமணத்துக்கு முன்னாலேயே மாப்பிள்ளை பெயருக்கு மாற்றிவிடுகிற ஆர்வக்கோளாறு ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாதீர்கள். பதிவு மனுவில் பெண்ணின் பெயர் அவருடைய படிப்புச் சான்றில் உள்ளபடி, தகப்பனார் முன்னெழுத்தோடுதான் வர வேண்டும். ஆதார் முகவரி, பாஸ்போர்ட், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கிச் சேர்ப்பது எல்லாம் பதிவுக்குப் பிறகு.

பிறப்புச் சான்றில் நம் பக்கத்தாருக்கு வரும் ஒரு குழப்பம் உண்டு. கிருஷ்ணகிரி தனி மாவட்டமானது 2004 பிப்ரவரி 9-இல். அதற்கு முன் ஓசூரிலோ ஊத்தங்கரையிலோ பிறந்தவர்களின் சான்றில் "தருமபுரி மாவட்டம்" என்றுதான் இருக்கும். இப்போது மணமேடை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அந்த வயதினர். அது பிழை அல்ல. திருத்தவும் வேண்டாம். மனுவில் பிறந்த இடத்தைச் சான்றில் உள்ளபடியும், முகவரியை இன்றைய மாவட்டப்படியும் எழுதினால் போதும்.

எல்லை தாண்டிய சம்பந்தங்களைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஆனேக்கல், மாலூர், குப்பம் எல்லாம் நமக்குப் பெண் எடுக்கும் ஊர், பெண் கொடுக்கும் ஊர். 2009 சட்டம் தமிழ்நாட்டுக்குள் நடந்த திருமணங்களுக்கு மட்டுமே. முகூர்த்தம் ஆனேக்கல்லில் நடந்திருந்தால் அங்கேதான் பதிய வேண்டும். வசதிக்காக ஓசூரில் நடந்ததாக எழுதினால் அது பொய் வாக்குமூலம். பின்னால் பாகப் பிரிவினையிலோ விவாகரத்திலோ எதிர்த் தரப்பு வக்கீல் முதலில் பிடிப்பது அதைத்தான்.

அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. இந்துத் திருமணச் சட்டம் இந்த உறவுகளைத் தடுக்கப்பட்டவை என்றே சொல்கிறது, ஆனால் வழக்கம் இருந்தால் விலக்கு அளிக்கிறது. மதம் பாராமல் பதிவு அலுவலகத்தில் மணக்க வழி செய்யும் சிறப்புத் திருமணச் சட்டம் 1954 அப்படி இல்லை. அக்கா மகளும் மாமன் மகளும் அத்தை மகளும் அதன் தடைப் பட்டியலில் இருக்கிறார்கள், அரசிதழில் அரசு அறிவித்த வழக்கத்துக்கு மட்டுமே அங்கே விலக்கு. எனவே உறவில் மணப்பவர்கள் 'ஸ்பெஷல் மேரேஜ்' என்ற சொல்லைக் கேட்டு அந்தப் படிவத்தில் கைவைக்க வேண்டாம்.

இனி காதலித்து மணப்பவர்களுக்கு. இருவரும் இந்துக்கள் என்றால் உங்களுக்கு மிக எளிய வழி ஒன்று 1968 முதல் இருக்கிறது. அண்ணா முதல்வராக இருந்தபோது கொண்டுவந்த திருத்தத்தால் இந்துத் திருமணச் சட்டத்தில் சேர்ந்த 7-ஏ பிரிவு அது. உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில், இருவருக்கும் புரியும் மொழியில் ஒருவரையொருவர் கணவன் மனைவியாக ஏற்பதாகச் சொல்ல வேண்டும், அல்லது மாலையோ மோதிரமோ மாற்றிக்கொள்ள வேண்டும், அல்லது தாலி கட்ட வேண்டும். இவற்றில் ஒன்று நடந்தாலே திருமணம் முழுமை. புரோகிதரும் அக்கினியும் மண்டபமும் தேவையில்லை. ஊரைக் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்றும், வழக்கறிஞர் தம் சொந்த முறையில் நண்பராக முன்னின்று இத்தகைய திருமணத்தை நடத்திவைக்கத் தடையில்லை என்றும் 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது.

ஆனால் அந்த ஒன்றாவது நிஜமாக நடந்திருக்க வேண்டும். சடங்கு எதுவும் இல்லாமல் வாங்கிய சான்று இந்துத் திருமணத்தை உண்டாக்காது என்று 2024-இல் அதே நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. யாரோ லெட்டர்பேடில் அச்சடித்துத் தரும் 'திருமணச் சான்று' பதிவும் அல்ல, திருமணமும் அல்ல. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து அதை வாங்கி வைத்துக்கொண்டு நிம்மதியாக இருக்கும் பிள்ளைகளைப் பார்த்தால் மனம் பதறுகிறது. மாலை மாற்றுங்கள், தாலி கட்டுங்கள், படம் எடுங்கள். படத்தில் இருவர் முகமும் தெரிய வேண்டும். பெரும்பாலான தாலி கட்டும் படங்களில் மாப்பிள்ளையின் முதுகும், அட்சதை தூவும் பத்துக் கைகளும்தான் தெரிகின்றன, பெண் யார் என்றே தெரியாது. மூன்றாவது முடிச்சு விழுந்ததும் இருவரையும் நிமிரச் சொல்லி, சாட்சிகள் பின்னால் நிற்க, இன்னொரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேறு வேறு மதத்தவர் என்றால் சிறப்புத் திருமணச் சட்டம்தான் வழி. இருவரில் ஒருவராவது அறிவிப்பு கொடுக்கும் மாவட்டத்தில் 30 நாள் தொடர்ந்து குடியிருந்திருக்க வேண்டும். அறிவிப்பு கொடுத்தால் அது அலுவலகத்தில் ஒட்டப்படும். மற்றவரின் நிரந்தர முகவரி வேறு மாவட்டத்தில் இருந்தால் அங்கேயும் ஒட்ட அனுப்பப்படும். 30 நாள் கழித்து மூன்று சாட்சிகளோடு மணக்கலாம். அறிவிப்பு கொடுத்து மூன்று மாதம் கடந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். சாதி, மதம், பெற்றோர் சம்மதமின்மை எதுவும் ஆட்சேபத்துக்குக் காரணமாகாது. ஏற்கெனவே துணை இருப்பது, வயது, மனநலம், தடுக்கப்பட்ட உறவு ஆகியவை மட்டுமே காரணமாகும்.

மிரட்டல் வந்தால் பதிவு அலுவலகம் உங்களைக் காப்பாற்ற முடியாது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், சமூக நல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் ஆகியோர் கொண்ட சிறப்புப் பிரிவு ஒவ்வொரு மாவட்டத்திலும் இருக்க வேண்டும் என்று சக்தி வாஹினி வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. திருமணத்துக்கு முன்பே அங்கே எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ரசீதை வாங்குங்கள். வீட்டை விட்டுக் கிளம்பும் பெண்கள் நகையை எடுக்காவிட்டாலும் பத்தாம் வகுப்புச் சான்றையும் ஆதாரையும் எடுத்துக்கொள்ளுங்கள். வயதைக் காட்ட முடியாமல்தான் பலர் காவல் நிலையத்தில் திணறுகிறார்கள்.

வயது விஷயத்தில் எங்களுக்கு ஒளிவு மறைவு கிடையாது. பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21 நிறையாமல் யார் வந்தாலும், பெற்றோரே அழைத்து வந்தாலும், மனு எழுதக் கூடாது. அஞ்செட்டி, பென்னாகரம், சித்தேரி மலைப் பக்கம் வீட்டிலேயே பிறந்தவர்களின் ஆதாரில் பிறந்த தேதி ஜனவரி 1 என்று இருக்கும். அது குத்துமதிப்பாகப் போட்டது. வயதை நிர்ணயிக்க ஆதார் ஏற்ற ஆவணம் அல்ல என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. பள்ளிச் சான்றையும் உள்ளாட்சிப் பிறப்புச் சான்றையும் பாருங்கள். "சொந்தம் விட்டுப்போகக் கூடாது" என்று பத்தாம் வகுப்பு படிக்கும் பிள்ளையைத் தாய்மாமனுக்குக் கட்டிவைத்தால், ஏற்பாடு செய்தவருக்கும் நடத்திவைத்தவருக்கும் இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். தெரியவந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொல்லுங்கள்.

மண்டப உரிமையாளர்களுக்கும் கோயில் நிர்வாகத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பணம் வாங்கும் ரசீதில் முகூர்த்தத் தேதி, நேரம், மணமக்கள் முழுப்பெயர் மூன்றையும் எழுதி முத்திரை வையுங்கள். வாடகை கட்டியவர் பெயர் மட்டும் இருக்கும் ரசீது பதிவுக்கு உதவுவதில்லை. அச்சகத்தார் முகூர்த்தத் தேதியையும் இடத்தையும் வரவேற்பு விவரத்தைவிடப் பெரிதாக அச்சிடுங்கள்.

குடும்பத்தாருக்கும் ஒன்று. நம் ஊர்த் திருமணத்தில் எல்லாரையும் பெயர் சொல்லி அறிந்து, கணக்குப் பிசகாமல் எழுதுகிறவர் மொய் மேசையில் உட்கார்ந்திருப்பவர். இருபது ஆண்டு கழித்தும் யார் 501 எழுதினார் என்று அந்த நோட்டு சொல்லும். பதிவு வேலையையும் அவரிடமே ஒப்படையுங்கள். இரண்டு பத்திரிகை, ரசீது, மணமக்களின் வயதுச் சான்று, முகவரிச் சான்று, பாஸ்போர்ட் அளவுப் படங்கள், தாலி கட்டிய படம், சாட்சிகளின் ஆதார் நகல். இத்தனையையும் ஒரு கவரில் போட்டு மொய் நோட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள். சாட்சி இருவர் என்றால் மூவரின் நகலாக வாங்கிக்கொள்ளுங்கள், அலுவலகத்துக்குப் போகும் நாளில் ஒருவர் வெளியூரில் இருப்பார். திருமணம் நடத்திவைத்த அர்ச்சகரின் பெயர், முகவரி, கையொப்பத்தை அவர் தட்சிணை வாங்கும்போதே வாங்கிவிடுங்கள். முகூர்த்த நாளில் அவருக்கு அடுத்த மண்டபம் காத்திருக்கும், பிறகு தேடினால் கிடைக்க மாட்டார்.

இப்படிக்கு,
திருமணப் பதிவு மனு எழுதித் தருவோர்,
கிருஷ்ணகிரி.