பதினோராவது படி: எங்கள் ஏரிப் பாசன சங்கத்தின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவுக்கும், ஏரித் தண்ணீர் பாயும் ஆயக்கட்டு நிலத்துக்காரர்கள் அனைவருக்கும், சென்னையிலும் திருப்பதியிலும் இருந்துகொண்டு இதைப் போனில் படிக்கப்போகும் நம் பிள்ளைகளுக்கும் வணக்கம். ஆந்திர எல்லையை ஒட்டிய ஊத்துக்கோட்டைப் பக்கத்தில் கூட்டம் என்றால் பாதிப் பேர் தெலுங்கில்தான் கேள்வி கேட்பார்கள். தாராளமாகக் கேளுங்கள், அறிக்கையை மட்டும் தமிழில் எழுதியிருக்கிறேன்.

வழக்கமான வேலைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். மேல் மதகின் ஷட்டர் மாற்றியாகிவிட்டது. வரத்துக்கால்வாயில் சீமைக்கருவேலம் வெட்டினோம், வேரோடு எடுக்கவில்லை, அதனால் மறுபடி துளிர்த்திருக்கிறது. வயல்களுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடும் நீர்க்கட்டிக்குத் தரவேண்டிய நெல்லில் பாக்கி இல்லை. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார்.

இனி தண்ணீர் விற்ற கதை. மாசி கடைசியில் நம் ஆயக்கட்டுக்குள் இருக்கும் ஒரு கிணற்றிலிருந்து டேங்கர் லாரிகள் தண்ணீர் எடுக்க ஆரம்பித்தன, முதலில் ராத்திரியில் ஒன்றிரண்டு, அப்புறம் பகலிலும். பத்து நாள் கழித்து அடுத்த கொல்லைக்காரர் விடியற்காலையில் என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். அவர் மோட்டார் ஓடுகிறது, குழாயில் புஸ் புஸ்ஸென்று காற்றும் செம்மண் கலங்கலும்தான் வருகிறது. வேர்க்கடலை விழுது இறங்கும் சமயம் அது. அந்த நேரத்தில் மண் இறுகிவிட்டால் விழுது மண்ணுக்குள் போகாது, கடலை பிடிக்காது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அவர் ஒரு செடியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார், விழுதெல்லாம் நுனி கருகி நூல் மாதிரித் தொங்கிக்கொண்டிருந்தது, அவர் ஒரு வார்த்தை பேசவில்லை.

விற்றவரையும் குற்றவாளி மாதிரிப் பேச எனக்கு மனமில்லை. பிள்ளைக்குக் காலேஜ் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது, நெல் விற்ற காசு எங்கே போனதென்று அவருக்கே தெரியவில்லை, லாரிக்காரர் ரொக்கமாகக் கையில் கொடுத்தார். சட்டமும் ஓரளவுக்கு அவர் பக்கம்தான் நிற்கிறது. நிலத்துக்கு அடியில் இருக்கும் தண்ணீரை நிலக்காரர் எடுத்துக்கொள்ளலாம் என்பது 1882ஆம் வருட ஈஸ்மெண்ட் (வசதியுரிமை) சட்டத்திலிருந்து வரும் வழக்கம். தமிழ்நாட்டில் 2003ல் நிலத்தடி நீருக்கென்று தனிச் சட்டம் போட்டார்கள், 2013ல் அதையும் ரத்து செய்துவிட்டார்கள். ஆனால் நிலத்துக்கு வேலி இருக்கிறது, தண்ணீருக்கு ஏது வேலி? அவர் கிணற்றில் ஊறியது அடுத்தவர் கொல்லையிலிருந்து வந்தது, அதற்கும் மேலே நாம் எல்லாரும் சேர்ந்து கரை கட்டித் தேக்கிய ஏரியிலிருந்து வந்தது. 1990லிருந்து நமக்கு இலவசமாகக் கிடைக்கும் கரண்ட் பயிருக்காகத்தான், லாரி ரொப்புவதற்கு இல்லை. அதையும் அவரிடம் நேராகச் சொன்னோம், அவரும் ஒப்புக்கொண்டார்.

நகரத்துக்குத் தண்ணீர் தரவே கூடாது என்று சில உறுப்பினர்கள் சொன்னார்கள். நான் அந்தக் கட்சி இல்லை. சென்னை குடிக்கும் புழல், சோழவரம், செம்பரம்பாக்கம் எல்லாமே ஒரு காலத்தில் பாசன ஏரிகள்தான். 2020ல் திறந்த கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கமும் நம் பக்கத்து இரண்டு ஏரிகளைச் சேர்த்துக் கட்டியது, 500 மில்லியன் கன அடி. கிருஷ்ணா தண்ணீரையும் பாருங்கள். 1976ல் மகாராஷ்டிரா, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் சென்னைக் குடிநீருக்காகத் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டிஎம்சி விட்டுக்கொடுக்கச் சம்மதித்தன, வழியில் 3 போனால் கிருஷ்ணா கால்வாய் தமிழ்நாட்டுக்குள் நுழையும் தாமரைக்குப்பம் ஜீரோ பாயின்ட்டில் 12 வரவேண்டும், 1996ல்தான் முதலில் வந்தது, பெரும்பாலான வருடங்களில் 12 முழுசாக வந்து சேரவில்லை. ஆனாலும் அங்கே யார் தருகிறார், எவ்வளவு, எந்த இடத்தில் அளப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்கள். லாரி எடுத்துப்போகும் தண்ணீருக்கு ஒரு துண்டுச் சீட்டுகூடக் கிடையாது.

அளவில்லாமல் எடுத்தால் என்ன ஆகும் என்பதை சென்னைக்கு வடக்கே இருக்கும் மீஞ்சூரில் பார்க்கலாம். நகரத்துக்காகவும் தொழிற்சாலைகளுக்காகவும் பயிருக்காகவும் சேர்த்து இறைத்ததில் கடல் தண்ணீர் உள்ளே ஏறி, நெல் விளைந்த இடத்தில் கிணறுகள் உப்பாகிப்போயின. கொசஸ்தலை, ஆரணி ஆற்றுப் படுகையில் 2000க்கு அப்புறம் வந்த வறட்சியில் சென்னைக் குடிநீர் வாரியம் விவசாயக் கிணறுகளிலிருந்து விலைக்கு வாங்கியது நம்மில் பலருக்கு ஞாபகம் இருக்கும். கிணறு வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது. நடவுக்கும் களைக்கும் போய்க்கொண்டிருந்த பெண்களுக்கு வேலை போனது. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவர்கள் பெயரில் கிணறும் இல்லை, நிலமும் இல்லை.

பங்குனியில் பக்கத்து டவுனிலிருந்து ஆட்கள் வந்து, குடிநீர்க் குழாயில் நாலு நாளைக்கு ஒருமுறைதான் வருகிறது, உங்கள் ஏரிக்கரைப் பொதுக்கிணற்றிலிருந்து தரமுடியுமா என்று கேட்டார்கள். இரண்டு கூட்டம் போட்டோம், இரண்டாவது கூட்டம் ராத்திரி பதினொன்று வரை போனது, சத்தமும் போட்டுக்கொண்டோம். கடைசியில் தருவதென்று முடிவானது. ராத்திரியில் மட்டும் எடுக்கவேண்டும், மீட்டர் வைக்கவேண்டும், கரண்ட் செலவு அவர்களுடையது, பணம் தனி ஆள் கைக்குப் போகாமல் ஏரிக் கணக்குக்கு வரவேண்டும். முக்கியமானது படிக்கணக்கு. கிணற்றில் மேலிருந்து பதினோராவது கல்படியில் சிவப்பு பெயின்ட் அடித்தோம், தண்ணீர் அதற்குக் கீழே போன அன்றே நிறுத்தவேண்டும். சித்திரை பாதியில் கோடு வெளியே தெரிந்தது, நிறுத்தச் சொன்னோம், அவர்களும் மறு பேச்சில்லாமல் குழாயைக் கழற்றிக்கொண்டு போனார்கள், அதற்காக அவர்களுக்கு இங்கே நன்றி சொல்கிறேன். அடுத்த கொல்லைகளில் மோட்டார் நிற்கவில்லை. இந்த ஏற்பாட்டை எழுத்தில் பதிவு செய்துதரச் சொல்லி ஓர் அலுவலகத்துக்கு மூன்று மனு கொடுத்தோம், பதில் வரவில்லை, மறுபடி கொடுப்போம்.

ஆஸ்திரேலியாவில் மர்ரே-டார்லிங் படுகையில் தண்ணீர் உரிமையை நிலத்திலிருந்து பிரித்துத் தனியாக விற்கலாம், வாங்கலாம், நாமும் அப்படிச் செய்தால் என்ன என்று நம் இளைஞர் ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே ஒவ்வொரு உரிமைக்கும் பதிவேடு இருக்கிறது, மொத்தமாக இவ்வளவுதான் எடுக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறது. நம்மிடம் எந்தக் கிணற்றுக்கும் அளவே இல்லை. அளக்காமல் விற்க ஆரம்பித்தால் குதிரைத்திறன் அதிகமான மோட்டார் வைத்திருப்பவர் எல்லாவற்றையும் விற்றுவிடுவார். முதலில் அளப்போம்.

அதனால் இன்றைக்கு இரண்டு தீர்மானம் உங்கள் முன்னால் வைக்கிறேன். ஆயக்கட்டுக்குள் எந்தக் கிணற்றிலிருந்து வெளியே தண்ணீர் போனாலும் சங்கத்தில் கேட்டுவிட்டுப் போகவேண்டும், படிக்கணக்கு எல்லாருக்கும் ஒன்று. இரண்டாவது, கூலிவேலை செய்யும் குடும்பங்களையும் உறுப்பினராகச் சேர்த்து, தண்ணீர் விற்ற பணத்தில் ஒரு பங்கை வேலை இழந்த நாட்களுக்காக ஒதுக்கவேண்டும். நிலமில்லாதவருக்கு ஓட்டு எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். கரை உடைந்தால் மண்மூட்டை தூக்க நாம் கூப்பிடுவது அவர்களைத்தான், எனக்கு அந்த ஒரு காரணமே போதும்.

தை மாதத்திலிருந்து பொதுக்கிணற்றின் அளவை வாராவாரம் எழுதிவைத்த நோட்டு மேஜைமேல் இருக்கிறது. ஓட்டுப் போடுவதற்கு முன் எல்லாரும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள், தப்பு தெரிந்தால் இப்போதே சொல்லுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்